முதலில் சொர்ணாவூர் போய் வா

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். குறிப்பாக, உங்களில் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு செலியமேட்டுக்கு வந்தாள். மகள் முதுகலை புவியியல், இரண்டாம் ஆண்டு. பாகூர் கொம்யூனின் ஏரி குளங்களைப் பற்றி ஜி.ஐ.எஸ். வைத்து ஆய்வு செய்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் எல்லை ஒரு ட்ரேசிங் தாளில், வாய்க்கால் ஒரு தாளில், நிலப் பயன்பாடு இன்னொரு தாளில் என்று வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது போலத்தான் இது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு அட்டவணையும் இருக்கும். எந்தக் குளத்தைத் தொட்டாலும் அதன் பரப்பு, மதகு, ஆயக்கட்டு எல்லாம் வரும்.

மடிக்கணினியைத் திறந்து, "பாட்டி, நம்ம ஊரைப் பாருங்க" என்றாள். அழகான படம். பாகூர் ஏரி நீல நிறத்தில் பளிச்சென்று இருந்தது. ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலைத் தேடினேன். இருந்தது. ஆனால் மேற்கே புதுச்சேரி எல்லைக் கோட்டில் திடீரென்று முளைத்திருந்தது.

"ஏம்மா, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?"

"தெரியல பாட்டி. ஆய்வுப் பகுதிக்கு வெளியே இருக்கறதை வெட்டிடணும்னு பயிற்சியில சொன்னாங்க."

வெட்டிவிட்டாள். தென்பெண்ணையும் போயிற்று, சொர்ணாவூர் அணைக்கட்டும் போயிற்று. அங்கே விழுப்புரம் மாவட்டத்தில் பிரிகிற தண்ணீர்தான் வாய்க்காலில் வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. வாய்க்கால் வெட்டிய பங்காரி, சிங்காரி கதையை நான் மூன்றாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். (கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கியவர்கள் யார் யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது.) ஏரி பற்றிய ஆய்வில் ஏரிக்குத் தண்ணீர் வரும் இடமே இல்லை.

நம் பகுதியே ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான். கடலூர் சாலையில் பஸ்ஸில் போனால் ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு, கிருமாம்பாக்கத்தில் மறுபடி புதுச்சேரி. மக்கள்தொகைக் கணக்கும் வருவாய்க் கணக்கும் இந்தக் கோட்டுக்குக் கட்டுப்படும். தண்ணீர் கட்டுப்படாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்ததே! அந்த வெள்ளத்தை எல்லையோடு வெட்டிய படத்தில் எப்படிப் புரிந்துகொள்வது?

இன்னொன்றும் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குளம் அவள் படத்தில் நெல்வயலாகப் பச்சையாக இருந்தது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் குளம் அது. மேலிருந்து எடுத்த படத்தில் அதுவும் பச்சை, பயிரும் பச்சை. அவள் பயன்படுத்தியது சென்டினல் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கிளை வாய்க்கால் பலவும் நான்கு மீட்டர்கூட இருக்காது. அந்தப் புள்ளிக்குள் வயலும் வரப்பும் சேர்ந்துகொண்டால் வாய்க்கால் எங்கே தெரியும்? படம் எடுத்த மாதத்தைக் கேட்டேன். மே மாதமாம். மே மாதத்தில் எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது!

பெண் முகம் வாடிவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பொத்தானை அழுத்து, அந்தக் கோப்பைத் திற, நிறம் மாற்று, சேமி. மாலையில் எல்லார் கையிலும் ஒரு வரைபடம், ஒரு சான்றிதழ். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாளிலும் ஒருவரும் கேட்கவில்லையாம்.

நான் பட்டயம் மட்டும் படித்த இடைநிலை ஆசிரியை. முதுகலை மாணவருக்கு ஆய்வு சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்தைக் காலடியால் அளந்து படம் வரையச் சொன்னவள் நான். ஒரு படமும் இன்னொரு படத்தோடு ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடும்போதுதான் அளவு என்றால் என்ன என்று புரியும். ஆய்வும் அந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

1854இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். சாவுகள் பிராட் தெருவில் ஒரு குடிநீர் பம்பைச் சுற்றி நெருங்கி நின்றன. ஜி.ஐ.எஸ். பாடத்தில் எல்லாரும் இந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற சந்தேகம் அவருக்கு முன்பே இருந்தது என்பதையும், யார் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். எ. சுப்பராயலு 1973இல் சோழ நாட்டின் அரசியல் நிலவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, அந்தக் கால நாடுகளை வரைபடத்தில் நிறுத்தினார். கணினி கிடையாது. பிறகு, நம் புதுச்சேரியில் 1955இலிருந்து இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்படப் பணி அவர் தலைமையில் நடந்தது. அங்கே கணினியும் ஜி.ஐ.எஸ்.ஸும் வந்தன. முதலில் கேள்வி, பிறகு ஊர்ப் பெயர், அதன் பிறகு கருவி. பாகூர்ச் செப்பேட்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாக இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கல்லூரி இருந்த இடத்து மாணவர்கள் நாம்!

கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பாகூர் ஏரிக்கரையில் நின்றால் ஏரிதான் தெரியும். எந்த ஏரியின் உபரி எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதை மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், இஸ்ரோவின் புவன் தளம் 2009இலிருந்து இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். அதனால்தான் தப்பாகக் கற்றுக்கொள்ளக் கூடாது என்கிறேன். படத்தில் வயலாகிவிட்ட குளம் நாளைக்கு ஓர் அலுவலகக் கோப்பிலும் வயலாகும். பிறகு மண் லாரி வந்து நிற்கும்போது நாம் எந்தப் படத்தைக் காட்டுவது?

ஆகவே, பாடம் எடுக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதம் மென்பொருளைத் திறக்க விடாதீர்கள். ஆளுக்கு ஒரு வாய்க்கால் கொடுத்து, தலைப்பிலிருந்து கடைமடை வரை நடக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். மதகு பார்ப்பவரிடமும் நடவுக்குப் போகும் பெண்களிடமும் தமிழில் பேசி, தமிழிலேயே எழுதி வரட்டும். படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் "நேரில் போய்ப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். வெட்டும் எல்லையைத் தண்ணீர் சொல்லட்டும்.

அந்தப் பெண் கிளம்பும்போது, "தலைப்பையே மாத்திடட்டுமா பாட்டி?" என்றாள். மாற்றாதே, முதலில் சொர்ணாவூர் போய் வா என்றேன். வரும் சனிக்கிழமை அம்மாவின் ஸ்கூட்டரில் இருவரும் போகிறார்கள். எனக்கு முழங்கால் வலி, போக முடியாது. பங்காரு வாய்க்காலின் கிளைகளுக்கும் மதகுகளுக்கும் பழைய பெயர் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.