காட்டின் தாளமும் பியானோவும்

ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் பாட்டுக்கு ஒரே கலைஞரின் பத்து விரல்கள் ஈடாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. ஆயினும், அம்முயற்சி வீண் என்று சொல்லமாட்டேன்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்குக் காடுகளில் வாழும் ஆக்கா மக்கள், வலை விரித்து வேட்டையாடுபவர்கள். தேனும் கிழங்கும் சேகரிப்பவர்கள். வேட்டைக்கு ஒரு பாட்டு, தேனெடுக்க ஒரு பாட்டு, இறந்தவருக்காக ஒரு பாட்டு. நான்கு குரல்வழிகள் ஒன்றோடொன்று பின்னி ஓடும். இசைக்குறிப்பு ஏதும் இல்லை; குழந்தைகள் பெரியவர்களோடு சேர்ந்து பாடியே கற்றுக்கொள்கின்றனர்.

1960களில் அந்நாட்டிற்குச் சென்ற இசையாய்வாளர் சிம்கா ஆரோம், இத்தகைய பின்னலைப் பிரித்தறிய ஒரு வழி கண்டார். முழு இசையையும் முதலில் ஒலிப்பதிவு செய்தார். பிறகு, அப்பதிவைக் கேட்டபடியே ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தனியே இசைக்கச் செய்தார். அந்நாட்டில் அவர் செய்த பதிவுகளைக் கேட்டு வியந்தவர்களுள் ஒருவர், ஹங்கேரிய இசை மரபில் வளர்ந்த ஜியார்ஜி லிகெட்டி. 1985 முதல் அவர் தனிப் பியானோவுக்காகப் பதினெட்டுப் படைப்புகளை எழுதினார். முதல் படைப்பில் வலக்கை வெள்ளைக் கட்டைகளிலும் இடக்கை கறுப்புக் கட்டைகளிலும் ஓடும். ஒன்றாகப் புறப்படும் கைகளில் ஒன்று மெல்ல மெல்ல முந்துகிறது. கேட்பவர் காலால் தாளம் போட்டுப் பார்க்கட்டும், எந்தக் கையைப் பின்பற்றுவது என்றே தெரியாது! லிகெட்டி மெட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. பல தாளங்களை ஒருசேர நடத்தும் முறையைக் கற்றுக்கொண்டார். அதை அவர் மறைக்கவுமில்லை.

பியானோ கலைஞர் பியர் லோரான் ஏமார், 2003இல் வெளிவந்த தம் இசைத்தட்டில் லிகெட்டியின் படைப்புகளுக்கு அருகிலேயே ஆக்கா மக்களின் பாடல்களையும் சேர்த்தார். இதைத்தான் நான் நேர்மை என்பேன். வெறுமனே ‘ஆப்பிரிக்கக் காட்டின் இசை’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, எந்த மக்களின் இசை என்று கூடச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆப்பிரிக்கா ஓர் ஊரன்று.

பியானோவில் ஒலிப்பதால் அவ்விசை அழியாமல் இருக்கும் என்று சிலர் வாதிடலாம். அதே 2003இல் யுனெஸ்கோவும் ஆக்கா மக்களின் பாடல்மரபை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால், காடழிப்பால் வேட்டை விலங்குகள் குறைந்து வருவதையும் அவ்வமைப்பே சுட்டிக்காட்டுகிறது. விலங்கே இல்லாத காட்டில் வேட்டைப் பாட்டை யார், எதற்காகப் பாடுவார்? இதற்குப் பியானோவிடம் விடையில்லை. ஆகவே, லிகெட்டியைக் கேட்க விரும்பும் மாணவர்கள் முதலில் ஆக்கா மக்களின் பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். அவர்கள் வாழும் காட்டை வரைபடத்திலும் பாருங்கள்.