முற்பணத்தில் எதைக் கழிக்கலாம்?

வீட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கும் சகோதரிகளே! குடியிருந்தவர்கள் திறப்பைத் தந்துவிட்டு நிற்கிறார்கள். உங்களிடமுள்ள முற்பணம் அவர்களுடைய காசு, ஓர் அமானிதம். அடுத்த வீட்டுக்குக் கட்ட அதைத்தான் நம்பியிருப்பார்கள். 3 வருடத்தில் பெயின்ட் மங்கும், பைப் வாஷர் தேயும். அதற்கெல்லாம் கழிக்க நியாயமில்லை. உடைந்த பேசின், பெயர்த்தெடுத்த பூட்டு என்றால் வேறு கதை. பற்றுச்சீட்டைக் காட்டிச் செலவைக் கழியுங்கள். ஆனால் 10 வருடப் பழைய பேசினுக்குப் புதியதன் முழு விலையையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஓர் ஆணித் துளைக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்த காசை எடுப்பவர்களும் இருக்கிறார்களே!

இனி வீடு கொடுக்கும் அன்றே, எது எப்படி இருக்கிறதென்று அறை அறையாக எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கொப்பித் தாளே போதும்.