கேக் கொடுப்பது இருக்கட்டும், கல்லறைச் சுவர் என்ன ஆயிற்று?

டிசம்பர் வந்தால் நம் சேரித் தெருக்களுக்கு அன்பு வந்துவிடும். கேக், சேலை, அரிசி மூட்டை, கூடவே புகைப்படக்காரர். வாங்கிக்கொள்கிறவர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. பசிக்கிறவருக்குச் சோறு முக்கியம். ஆனால் அதே பங்கின் தேர், திருவிழா நாளில் ஏன் அந்தத் தெருவுக்குள் திரும்புவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். 'அது பழைய வழக்கம், கிளறாதீர்கள்' என்பார்கள். கருணைக்குத் தெரிந்த வழி தேருக்குத் தெரியாதா?

நல்ல சமாரியன் உவமையைச் சொல்லாத பிரசங்கியார் கிடையாது. எப்போதும் நாம் உதவி பெறுகிறவர்கள், அவர்கள் சமாரியர்கள். கதையோ தலைகீழ். யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய இனம்தான் சமாரியர். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் காணாமல் போக, தூக்கிச் சுமந்தவன் ஒதுக்கப்பட்டவன். இயேசு அன்று கேட்டவர்களின் கன்னத்தில் அறைந்த கதை அது. இன்று அதை அன்னதான விளம்பரமாக்கி வைத்திருக்கிறோம்.

இது புதிய சண்டையும் அல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். வேதநாயக சாஸ்திரியாரும் அந்த எதிர்ப்பின் பக்கமே நின்றார். கீர்த்தனை பாடிய வாய்தான்! சபைக்குள் பணக்காரனுக்கு ஓர் இருக்கை, ஏழைக்கு வேறு இடம் என்று ஒதுக்குவதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே கண்டித்துவிட்டார். அதை அவர்களும் வாசித்துத்தானே இருப்பார்கள்?

2008 மார்ச்சில் இறையூரில் நடந்ததை மறக்க முடியுமா? தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். பிணம் போகும் பாதையில்கூடப் பாகுபாடு இருந்த ஊரில் அது பேராசையா? மோதல் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த இரு உயிர்களும் சாதியின் கணக்கில்தான் வருகின்றன. திருச்சி மேலப்புதூர் கல்லறையைக் குறுக்கே பிரித்த சுவரைப் பற்றியும் எத்தனையோ ஆண்டுகளாகப் பேசியாயிற்று. செத்த பிறகும் தீட்டு என்றால், உயிர்த்தெழும் நாளில் எந்த வாசல் வழியாக எழுவதாம்?

1950 ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ஒவ்வோர் ஆகஸ்ட் 10 அன்றும் கறுப்பு நாள் நடத்துகிறோம். ஆயர்களும் ஊர்வலத்தில் வருகிறார்கள், அது சரியே. ஆனால் 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது என்ன? மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறதா என்று காட்டச் சொன்னது. அதற்கான சான்று நம் கையில்தான் இருக்கிறது: கல்லறைச் சுவர், திரும்பாத தேர், பங்குப் பேரவையில் நம் பெயர் இல்லாத பட்டியல். டெல்லிக்கு எதிராகக் காட்டும் அதே சான்று ஆயர் இல்லத்துக்கு எதிரான சாட்சியும்தானே?

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. பாகுபாடு இருக்கிறது என்று அதிலேயே ஒப்புக்கொண்டது. நல்ல ஆவணம். அதை ஒவ்வொரு பங்கிலும் திருப்பலி முடிந்ததும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறோம். வரவு செலவுக் கணக்கை வாசிப்பதற்கு முன்னால் வாசித்தால் போதும், அப்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சாமியார் தீர்த்தம் தெளிக்க வருவார். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறார், இந்தப் பக்கம் வர எத்தனை மணியாகிறது என்று இந்த முறை அந்தந்த ஊர் இளைஞர்கள் குறித்து வையுங்கள். குறித்ததை ஆயருக்கு மனுவாகக் கொடுப்போம், கையெழுத்தோடு.