சாய்தளம் இருந்தால் போதுமா?

அரசுப் பள்ளிகள் பலவற்றின் வாசலில் இன்று சாய்தளம் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலி ஏறுமா என்பதுதான் கேள்வி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கட்டுமான நெறி. ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்று படிகள் இருந்தால், சாய்தளம் 18 அடி நீள வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் அது சறுக்குமரம்தான்.

கழிப்பறையிலும் இதே கதை. 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று பலகை இருக்கும். கதவோ உள்பக்கம் திறக்கும். நாற்காலி உள்ளே போனபின் கதவைச் சாத்த முடியாது. இதற்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை யார் கணக்கெடுப்பது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பள்ளிக் கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அணுகல் தரங்களைக் கட்டாய விதிகளாக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது.

தேவை சக்கர நாற்காலியோடு முடிவதில்லை. பார்வை மங்கலானவருக்குப் படி விளிம்பில் அடர்நிறப் பட்டை, செவித்திறன் குறைந்தவருக்கு எதிரொலி இல்லாத வகுப்பறை, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரைச்சலிலிருந்து ஒதுங்க அமைதியான ஒரு மூலை ஆகியவையும் வேண்டும். வரைபடத்திலேயே சேர்த்தால் செலவு குறைவு. கட்டிய சுவரை இடித்துச் சேர்ப்பதே வீண்செலவு.

எனவே, வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன் சிறப்பாசிரியர்களும் பெற்றோரும் அதைப் பார்க்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் வாசலிலிருந்து கழிப்பறைவரை பிறர் உதவியின்றிச் சென்று திரும்பிய பிறகே பணிநிறைவுச் சான்று வழங்கப்படட்டும்.