தோட்டம் ஊர் இல்லையா?



"தோட்டம் போனால் போகட்டும். அடிமை வாழ்வு ஒழிந்தது, நகரம் வந்தது, நம் பிள்ளைகள் முன்னேறினார்கள்." இவ்வாறு பேசுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். மேடைகளிலும் திருமண விருந்துகளிலும் இதைக் கேட்கிறேன். ஏன், ஆசிரியர் அறையிலும் கேட்கிறேன். இப்பேச்சில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

லயத்து வாழ்வைப் போற்றிப் பாட நான் வரவில்லை. விடியுமுன் பெரட்டு, கங்காணியின் அதட்டல், நெருக்கமான வீடுகள், பற்றாக்குறைச் சம்பளம் ஆகியவை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயின், அங்கே கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, இடுகாடு இருந்தது. மூன்று நான்கு தலைமுறையினர் பிறந்து, மணந்து, மடிந்த இடம் அது. ஊர் என்பதற்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்? ஆனால், அரசாங்கப் பதிவேட்டில் அது ஊராக இடம்பெறவில்லை. ஒரு நிறுவனத்தின் விளைநிலமாகவே இடம்பெற்றது. நம் அவலத்தின் வேர் இதுதான்.

நாட்டின் நிருவாகத் தலைநகரையே எடுத்துக்கொள்வோம். இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கும் மண் பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் என்பதால், மலாயில் 'பெரும்போர்' என்று பொருள்படும் பெயர் அதற்கு அமைந்தது. அங்கே உருவாக்கப்பட்ட ஒட்டுரக இரப்பர்க் கன்றுகள் உலகப் புகழ் பெற்றவை. பிபி 86 என்ற இரகம் இலங்கையிலும் கேரளத்திலும்கூடப் பயிரிடப்பட்டது. அந்தப் 'பிபி' என்பது பெராங் பெசாரின் முதலெழுத்துகளே. 1990களில் நகர நிர்மாணம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடியேறியது. 2001 பிப்ரவரி 1ஆம் நாள் அது கூட்டரசுப் பிரதேசமானது. அத்தோட்டத்திலும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த ஏறக்குறைய 400 குடும்பங்கள் சிலாங்கூர், டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவ்வீடுகளில் விரிசல் கண்டு, தரை வீடு கேட்டு, அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். மரத்தின் பெயர் அறிவியல் நூல்களில் நிலைத்திருக்கிறது. மரத்தைச் சீவியவர்களின் ஊர்ப்பெயரை அந்நகரத்தில் எத்தனை பேர் அறிவர்?

இது தலைவிதி என்று சிலர் பெருமூச்சு விடுகின்றனர். தலைவிதி அன்று, நிலவுரிமை பற்றிய கேள்வி. அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட அம்மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. எனினும், காலப்போக்கில் பலருக்கு வீட்டுமனைக் குத்தகை உரிமை கிட்டியது. ஆகவே, புதுக்கிராமங்கள் இன்றும் வரைபடத்தில் உள்ளன. நம் ரிங்லெட்டிலும் ஒன்று உண்டு. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். ஆனால், முதலாளியின் நிலத்திலேயே சேர்க்கப்பட்டனர். வேலி அகன்றபின் ஒருவருக்கு மனை இருந்தது. மற்றவருக்கு வேலை மட்டுமே இருந்தது. வேலை போன நாளில் வீடும் போனது.

கோலாலம்பூர், புக்கிட் ஜாலிலை நினைத்துப் பாருங்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான தேசிய அரங்கம் அங்கே எழுந்ததை உலகமே கண்டது. அரங்கத்தைச் சூழ்ந்த தோட்டத்தில் எஞ்சியிருந்த 41 குடும்பங்கள் நான்கு ஏக்கர் நிலம் கேட்டுப் பின்னர்ப் போராடியதை நம்மவரே பலர் மறந்துவிட்டோம். சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி; கோலாலம்பூரில் எடின்பரோ தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயர்ப்பலகையில் 'தோட்டம்' இருக்கிறது. சுற்றிலும் நெடுஞ்சாலையும் மாடிக் கட்டடமும் இருக்கின்றன. ஊர் இருந்ததற்கு அந்தப் பலகை ஒரு சான்று. பள்ளியின் பெயரிலிருந்து 'தோட்டம்' என்ற சொல்லை நீக்கினால் மதிப்புக் கூடும் என்போர், அச்சான்றைத் தம் கையாலேயே அழிக்க முனைகின்றனர்.

"இழப்பீடு கொடுத்தார்களே" என்பது அடுத்த வாதம். மரத்திற்கும் நிலத்திற்கும் உரிய விலை, பத்திரம் வைத்திருந்தவருக்குப் போனது. தொழிலாளிக்குக் கிடைத்தது வேலைநிறுத்தப் படியும், பல இடங்களில் ஒரு மாடி வீட்டு வாக்குறுதியும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று வரையறுக்கிறது; அந்த வீடு யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்பது பற்றி அது பேசவில்லை.

வழியே இல்லாமலும் போகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது, பிறவும் தொடர்ந்தன. மரம் சீவியவன் நிலம் வாங்க முடியும் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது. அந்த முயற்சி நாடெங்கும் வேரூன்றியிருந்தால், நகரம் வந்தபோது நம்மவர் பேரம் பேசும் இடத்தில் இருந்திருப்பர்.

கேமரன் மலையில் இருப்போர், "எங்களை எந்த நகரம் விழுங்கப் போகிறது?" என்று கேட்கலாம். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் பசுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், மலையில் நகரம் வேறு உருவத்தில் வருகிறது: தங்கும் விடுதியாக, அடுக்குமாடியாக, சரிவெல்லாம் மூடிய நெகிழிக் கூடாரமாக. கொழுந்து பறிக்கும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்துவிட்டனர். வேலையோடு கட்டப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு, தந்தை ஓய்வுபெறும் நாளில் எந்த முகவரி மிஞ்சும்? பெராங் பெசாரிலும் ஒருகாலத்தில் எல்லாம் பசுமையாகவே இருந்தது.

நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. விளைநிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்கு முன்நிபந்தனையாக, அங்கே வாழும் குடும்பங்களுக்கு அதே வட்டாரத்தில் பட்டாவுடன் தரை வீடு, பள்ளிக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் தனி நிலம் ஆகியவற்றை விதிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் அரிசிப் பை கேட்காமல் இதைக் கேளுங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு ஒரு பாடம். உள்ளூரிலிருந்து உலகிற்குச் செல் என்றுதான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் பயின்றோம். உங்கள் பள்ளிக்குப் பெயர் தந்த தோட்டத்தின் எல்லை எது, லயங்கள் எத்தனை, கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, இடுகாடு எங்கே என்பவற்றை முதியவர்கள் இருக்கும்போதே மாணவரைக் கொண்டு எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் படி எடுத்து வையுங்கள். நாளை ஒருவர் வரைபடத்தை விரித்து, "இங்கே ஊர் எதுவும் இருந்ததில்லை" என்பார். அப்போது மேசைமேல் வைக்க நம்மிடம் தாள் இருக்க வேண்டும்.