சார்ஜர் இருக்கு... சார்ஜ் ஏறுமா? தாம்பரம் ஏரியா எலெக்ட்ரிக் கார்காரர்களின் தவிப்பு!

'எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?' என்று தாம்பரத்திலோ, சேலையூரிலோ, மேடவாக்கத்திலோ யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். ஏற்கெனவே அந்தக் காரை வைத்திருப்பவர் என்றால், பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "சொந்த வீடா, ஃப்ளாட்டா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

காரணம் இருக்கிறது. சொந்த வீடு, கார் நிறுத்த இடம், ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருந்தால் போதும். ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கலாம். காலையில் வண்டி ரெடி. வாடகை வீட்டுக்காரருக்கும், அசோசியேஷன் அனுமதி கிடைக்காத ஃப்ளாட்வாசிக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்குப் பொது சார்ஜர்தான் கதி. எலெக்ட்ரிக் கார் எல்லோருக்குமானதா, இல்லை சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானா என்பதை அந்த சார்ஜர்தான் தீர்மானிக்கிறது.

கணக்கு சரி, கரன்ட் எங்கே?

பேப்பரில் குறையே இல்லை. நகரங்களில் 3-க்கு 3 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்றது மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல். 2024-ல் அதைத் திருத்தி, 2030-க்குள் 1-க்கு 1 கிலோமீட்டர் என்று இலக்கை நெருக்கினார்கள். 2023 மார்ச்சில் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 ஃபாஸ்ட் சார்ஜர்கள் அமைக்க, மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

எல்லாமே எண்ணிக்கை. ஆனால், கார் ஓட்டுபவருக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல, நம்பிக்கை. பெட்ரோல் பங்க்கில் ஒரு பம்ப் ரிப்பேர் என்றால் பக்கத்து பம்ப்புக்கு நகர்ந்துவிடலாம். பேட்டரி 8 சதவிகிதத்தில் இருக்கும்போது, ஆப்பில் 'வேலை செய்கிறது' என்று காட்டும் சார்ஜர் நேரில் செத்துக் கிடந்தால்? ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக்கில் யு-டர்ன் தேடி அடுத்த சார்ஜருக்குப் போவது என்பது சாதாரண விஷயமா என்ன?

இதில் ஆப் தொல்லை வேறு. கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலட், ஒவ்வொன்றிலும் முடங்கிக் கிடக்கும் கொஞ்சம் பணம். டீக்கடையில் 15 ரூபாய்க்கு யு.பி.ஐ ஸ்கேன் செய்கிற ஊரில், கார் சார்ஜ் செய்ய மட்டும் ஏன் இத்தனை சுற்று?

60 என்று போட்டிருக்கும்... வருவது 30!

போர்டில் '60 கிலோவாட்' என்று இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டு கன் உள்ள பல சார்ஜர்களில், பக்கத்தில் இன்னொரு கார் சொருகியதும் மின்சாரம் இரண்டாகப் பிரியும். 40 யூனிட் பேட்டரியை 20-லிருந்து 80 சதவிகிதம் வரை நிரப்ப 24 யூனிட் வேண்டும். 30 கிலோவாட்டில் அதற்குச் சுமார் 50 நிமிடம். 80-ஐத் தாண்டினால், பேட்டரியைப் பாதுகாக்க காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் வரிசை நிற்கும்போது 100 சதவிகிதம் வரை உட்கார்ந்திருப்பவர், அடுத்தவரின் நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். சார்ஜிங் இடத்தில் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு டிபன் சாப்பிடப் போகிறவர் இன்னொரு ரகம்!

பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, பரனூர் டோல்கேட் வரை ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரு சார்ஜர் மக்கர் செய்தால், ஒரு குடும்பத்தின் பயணமே தள்ளிப்போகும்.

பாக்கெட் கணக்கு

பொது சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜி.எஸ்.டி சேர்த்து 24 யூனிட்டுக்கு 566 ரூபாய். வீட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 288 ரூபாய்தான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் 566-ம் லாபம்தான். ஆனால், காருக்கு 5% ஜி.எஸ்.டி, சார்ஜுக்கு 18% என்பது, வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவருக்குப் போடும் அபராதம் மாதிரி இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி, எலெக்ட்ரிக் வாகன சார்ஜிங்குக்கென்று தனி மின் இணைப்பு கேட்கலாம். அசோசியேஷன் மீட்டிங்கில் 'பொது கரன்ட்டை நீ எடுக்கிறாய்' என்ற சண்டைக்கு இது நல்ல பதில்.

* முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை போன்ற இடங்களில் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மனதில் வைத்து, ஸ்டில்ட் பார்க்கிங்கில் சார்ஜரைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாளே ஃபுல் சார்ஜ் செய்துவிடுங்கள். கரன்ட் போன பிறகு பொது சார்ஜரும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

* வெளியூர் கிளம்பும்போது ஒரு சார்ஜரை நம்பாமல், அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் நட்சத்திரங்களைவிட, கடைசியாக யார், எப்போது சார்ஜ் செய்தார்கள் என்பதைப் பாருங்கள்.

இவையெல்லாம் சமாளிப்புகள்தான், தீர்வு அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரிக் கார் தயாராகிறது. தூத்துக்குடியில் 2025-ல் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாயிற்று. கார் செய்வதில் முன்னால் நிற்கும் மாநிலம், எத்தனை சார்ஜர் நட்டோம் என்று அறிவிப்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு சார்ஜரும் மாதத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் ஓடியது என்பதையும் வெளியிட வேண்டும். ஓடாத சார்ஜருக்கு மானியம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பிரச்னை தானாகவே சரியாகிவிடும்.