குட்டி யானையின் தலைவலி

மயிலை வாசிகளுக்கு யானை என்றால் கோயில் யானைதான் நினைவுக்கு வரவேண்டும். இப்போதோ தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் விடியற்காலையில் யாராவது "குட்டி யானை வந்துவிட்டதா?" என்று கேட்டால், கோயம்பேட்டிலிருந்து கத்தரிக்காய் மூட்டை ஏற்றி வரும் டாட்டா ஏஸ் வண்டியைத்தான் விசாரிக்கிறார்கள் என்பதைக் குழந்தைகளும் அறியும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த இச்சிறு லாரியின் முதல் டீசல் யந்திரத்துக்கு இரண்டே சிலிண்டர். கொள்ளளவு சுமார் 700 கன சென்டிமீட்டர். ஆனால் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களோ ஏராளம்.

நமது பேட்டைக்குக் காய்கறி கொணரும் அன்பர் ஒருவரின் குட்டி யானைக்கு அண்மையில் தீராத தாகம் கண்டது. தினம் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். கீழேயோ ஒரு சொட்டு ஒழுகாது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். இன்னொரு பட்டறையில் வாட்டர் பம்ப் என்றார்கள், அதுவும் மாறிற்று. தாகம் மட்டும் மாறவில்லை. மாதத் தவணை தேதியும் நெருங்கிவிட்டது.

மூன்றாவதாக வந்த முதிய மேஸ்திரி எதையும் மாற்றச் சொல்லவில்லை. யந்திரம் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பெரும் அபாயம். அமுக்கத்தினால் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் அடங்கியிருக்கும் ஜலம், மூடி திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆறிய பின் மூடியைத் திறந்து யந்திரத்தை ஓடவிட்டார். தண்ணீர் சூடேறுமுன்பே குமிழிகள் இடைவிடாமல் கிளம்பின. "கொதிக்காத தண்ணியில குமிழி ஏதுங்க? ஹெட் கேஸ்கட் போயிடுச்சு" என்றார்.

சிலிண்டர்கள் அமைந்த பிளாக்குக்கும் அதன் மேல் மூடியாகிய ஹெட்டுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் உத்தியோகம். அது ஓரிடத்தில் கருகினால் வாயு தண்ணீருக்குள் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. வண்டி நின்று ஆறியதும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் வெண்புகை வருவது அதனால்தான்.

மேஸ்திரி அத்துடன் விடவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். டிகாக்ஷனில் பால் விட்டாற்போல் இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து பேரிங்குகளுக்கும் ஆபத்து. நல்ல வேளையாக எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. பிறகு கம்ப்ரஷன் அளக்கும் கருவியைப் பொருத்தினார். ஒரு சிலிண்டரில் அமுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. இனிச் சந்தேகத்துக்கு இடமேது?

ஹெட்டின் போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். ஒரே இடத்தில் முழுதும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளுமாம். கழற்றிய ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து, இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய இலையை நுழைத்தார். அது நடுவில் தாராளமாய்ப் புகுந்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்திருந்தாலே புதுக் கேஸ்கட் நிலைக்காது. ஆகவே ஹெட் லேத்துப் பட்டறைக்குப் போய்ச் சமனாகி வந்தது. சித்திரை வெயிலில் வண்டி கொதித்த பின்பும் இரண்டு மைல் ஓட்டியதாக அன்பர் அப்போதுதான் மெல்லச் சொன்னார்!

பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, கம்பெனி குறித்த முறுக்கின்படி, பல சுற்றாக டார்க் ரெஞ்சினால் இறுக்கினார். பக்கத்திலிருந்த பையன், "கை அளவு போதாதா?" என்றான். மேஸ்திரி பதில் சொல்லவில்லை; ரெஞ்சை அவன் கையிலேயே கொடுத்து முள்ளைப் படிக்கச் சொன்னார். நமது வகுப்பிலும் இப்படி ஒரு பாடம் நடத்த முடிந்தால்!

கடைசியில், வழக்கம்போல் போர்வெல் தண்ணீர் வாளியைத் தூக்கி வந்த அன்பரை அவர் கையமர்த்தினார். பழைய ரேடியேட்டரை உப்புப் படிந்து அடைத்தது அந்தத் தண்ணீரே. அவர் கையில் இருந்தது கூலன்ட் டப்பா.